மூப்பர்களின் ஏடு: ஒரு சிறிய பிரஸ்பிட்டேரியன் சபையின் வரலாற்றை எங்கே தேடுவது

சபை நூற்றாண்டு மலர்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் ஆலயத்தின் படம், அடுத்து போதகர்களின் வரிசை, ஆளுக்கொரு பத்தி, மணி வாங்கிய ஆண்டு, கடைசியில் நன்கொடையாளர் பட்டியல். பேராயர் ஆளும் திருச்சபைகளுக்கு இந்த வடிவம் ஓரளவு பொருந்தலாம். ஐம்பது அறுபது பேர் மட்டுமே உள்ள ஒரு பிரஸ்பிட்டேரியன் சபைக்கு இது பொருந்தவே பொருந்தாது. அங்கே போதகர் வந்து போகிறவர். சபையை நடத்துகிறவர்கள் மூப்பர்கள். அவர்கள் கூடி எடுத்த முடிவுகள் எல்லாம் எழுத்தில் இருக்கின்றன, அல்லது இருக்க வேண்டும். அந்த ஏட்டைத் திறக்காமல் எழுதுகிற சபை வரலாறு, புகைப்படங்களுக்கு அடியில் எழுதும் குறிப்பைத் தாண்டிப் போவதில்லை.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சபையார் தங்களுக்குள் மூப்பர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிறிய சபையில் மூன்று முதல் ஆறு பேர். அவர்களும் போதகரும் சேர்ந்த கூட்டத்துக்கு செஷன் என்று பெயர். போதகர் அதன் மாடரேட்டர், அதாவது கூட்டத்தை நடத்துகிறவர். தென்னிந்தியத் திருச்சபையில் தலைமைப் பேராயரைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கு அங்கே உள்ள கனம் இங்கே கிடையாது. கிளார்க் என்பவர் குறிப்பு எழுதுகிறார். யாரைத் திருவிருந்துக்குச் சேர்ப்பது, எந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம், ஆலய அறையை யாருக்குக் கொடுப்பது எல்லாம் செஷனின் பொறுப்பு. ஒரு வட்டாரத்தின் போதகர்களும், ஒவ்வொரு செஷனும் அனுப்பும் மூப்பர்களும் சேர்ந்தது பிரஸ்பிட்டரி. அதற்கு மேலே சில நாடுகளில் சினாட், எல்லாவற்றுக்கும் மேலே பொதுப் பேரவை. போதகர் அந்த உள்ளூர்ச் சபையின் அங்கத்தினர்கூட அல்ல. அவர் பெயர் பிரஸ்பிட்டரியின் பட்டியலில்தான் இருக்கும். சபை அவருக்கு 'அழைப்பு' கொடுத்தாலும், பிரஸ்பிட்டரி ஒப்பாமல் அவர் வர முடியாது, போகவும் முடியாது.

இந்த ஏற்பாட்டின் வேர் 1541இல் சீர்திருத்தத் தலைவர் கால்வின் ஜெனீவாவின் திருச்சபைக்கு வகுத்த சட்டங்களில் இருக்கிறது. போதகர், போதனாசிரியர், மூப்பர், உதவிக்காரர் என்று நான்கு பணிகள். அங்கே மூப்பர்களும் போதகர்களும் வியாழக்கிழமைதோறும் கூடினார்கள். ஸ்காட்லாந்தில் 1560இல் ஜான் நாக்ஸும் அவரோடு இருந்தவர்களும் எழுதிய ஒழுங்கு நூல், மூப்பர்களை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கச் சொன்னது. 1578இல் வந்த இரண்டாம் ஒழுங்கு நூல், மூப்பர் பொறுப்பு ஆயுள் முழுவதற்கும் என்று மாற்றியது. இந்த இழுபறி இன்னும் தீரவில்லை. சில திருச்சபைகளில் மூப்பர் சாகும்வரை மூப்பர். அமெரிக்காவின் பெரிய பிரஸ்பிட்டேரியன் திருச்சபையில் மூன்றாண்டுப் பொறுப்பு; தொடர்ந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் செஷனில் உட்கார முடியாது. ஒரு சபையின் ஏட்டைப் படிக்கும் முன் இதில் எது அங்கே நடப்பு என்று தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், முறைப்படி விலகிய மூப்பரைச் சண்டை போட்டு விலகியதாக எழுதிவிடுவோம்.

முதல் சிக்கல் பிறந்தநாள். சபை எப்போது தொடங்கியது என்று கேட்டால் நான்கு தேதிகள் கிடைக்கும்: யாரோ ஒருவர் வீட்டில் முதன்முதலாக ஆராதனை நடந்த நாள், அடிக்கல் நாட்டிய நாள், ஆலயம் திறந்த நாள், பிரஸ்பிட்டரி சபையாக ஏற்படுத்திய நாள். பிரஸ்பிட்டேரியன் முறைப்படி கடைசித் தேதிதான் சபையின் தேதி. வழக்கமான வரிசை இது: குடும்பங்கள் கையெழுத்திட்டு பிரஸ்பிட்டரிக்கு விண்ணப்பம் அனுப்புகின்றன, பிரஸ்பிட்டரி சிலரை அனுப்பி விசாரிக்கிறது, அங்கத்தினர்கள் வேறு சபையிலிருந்து கொண்டுவந்த மாற்றுச் சான்றாலோ விசுவாச அறிக்கையாலோ சேர்க்கப்படுகிறார்கள், அவர்கள் மூப்பர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், மூப்பர்கள்மேல் கைகளை வைத்து அபிஷேகம் செய்கிறார்கள். மூப்பர்கள் இல்லாதவரை அது ஒரு ஜெபக் கூட்டம். இந்த நிகழ்வின் பதிவு சபையின் ஏட்டில் இருக்காது, ஏனென்றால் அப்போது எழுத ஒரு கிளார்க் இல்லை. அது பிரஸ்பிட்டரியின் ஏட்டில் இருக்கும். உள்ளூர் அலமாரியை மட்டும் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். கல்வெட்டில் உள்ள ஆண்டை எடுத்து எழுதி, விழாவையும் தவறான ஆண்டில் கொண்டாடிவிடுகிறார்கள்.

அலமாரியில் தேட வேண்டியவை: செஷன் நடவடிக்கை ஏடு, திருவிருந்து அங்கத்தினர் பட்டியல், ஞானஸ்நான-திருமண-மரணப் பதிவேடு, கணக்கு ஏடு, சபைப் பொதுக்கூட்டக் குறிப்பு, சொத்துப் பொறுப்பாளர்கள் தனியாக இருந்தால் அவர்கள் குறிப்பு. ஏழாவதாக ஒன்று உண்டு, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: பெண்கள் சங்கத்தின் ஏடு. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். செஷன் ஏட்டின் ஓரங்களில் பிரஸ்பிட்டரி பார்வையிட்டுக் கையெழுத்திட்ட குறிப்புகள் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஏடு மேலே போய்ப் பார்வையிடப்பட்டுத் திரும்ப வர வேண்டும் என்பது விதி. 'குறைகளுடன் ஏற்கப்பட்டது' என்று இருந்தால் அந்தக் குறைப் பட்டியலைத் தேடிப் படியுங்கள். கூட்டம் ஜெபத்தோடு தொடங்கியதாக எழுதவில்லை என்ற சில்லறைக் குறையும் இருக்கும். போதுமான மூப்பர்கள் இல்லாமல் முடிவெடுத்தார்கள் என்ற பெரிய குறையும் இருக்கும். கையெழுத்து சில ஆண்டுகள் காணாமல் போனால், அந்த ஆண்டுகளில் சபைக்குப் போதகர் இல்லை, அல்லது பிரஸ்பிட்டரியோடு உறவு சரியில்லை. இரண்டில் எது என்பதை பிரஸ்பிட்டரியின் ஏடு சொல்லும்.

பழைய ஏடுகளில் கண்ணிகள் உண்டு. தேதி முதலாவது. இங்கிலாந்திலும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் அயர்லாந்திலும் 1752க்கு முன் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. எனவே அங்கே 1731 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1732. ஸ்காட்லாந்து 1600இலேயே ஜனவரி 1க்கு மாறிவிட்டது, அங்கே இந்தத் திருத்தம் செய்யக் கூடாது. 1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் இவர்கள் எல்லோருக்கும் செப்டம்பர் 14; நடுவில் கூட்டம் நடக்கவில்லையே என்று யாரும் காரணம் தேட வேண்டாம். இரண்டாவது கண்ணி பணம். ஸ்காட்லாந்தின் பழைய பவுண்டு 12 சேர்ந்தால்தான் ஓர் ஆங்கிலப் பவுண்டு. 1707இல் இரு நாடுகளும் இணைந்த பிறகும் பல செஷன்கள் வெகுகாலம் பழைய கணக்கிலேயே எழுதின. 1720ஆம் ஆண்டில் ஒரு விதவைக்கு 3 பவுண்டு கொடுத்ததாக இருந்தால், அது ஆங்கிலப் பணத்தில் 5 ஷில்லிங்காக இருக்கலாம். மெர்க் என்று வந்தால் அது ஸ்காட்லாந்துப் பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. இதைக் கவனிக்காமல் எழுதினால் ஒரு ஏழைச் சபை திடீரென்று கொடைவள்ளல் ஆகிவிடும்.

மூன்றாவது, பிரிவுகள். பிரஸ்பிட்டேரியன்கள் பிரிவதில் வல்லவர்கள். ஸ்காட்லாந்தில் 1712இல் நாடாளுமன்றம், போதகரை நியமிக்கும் உரிமையை நிலப்பிரபுக்களுக்குத் திரும்பக் கொடுத்தது. அதிலிருந்து 1733இல் ஒரு பிரிவு, அந்தப் பிரிவுக்குள் 1747இல் இன்னொரு பிரிவு, 1761இல் வேறொன்று. எல்லாவற்றிலும் பெரியது 1843 மே 18. அன்று எடின்பரோவில் பொதுப் பேரவையை விட்டு வெளியேறியவர்கள் தாமஸ் சால்மர்ஸ் தலைமையில் சுதந்திரத் திருச்சபையை உருவாக்கினார்கள். சுமார் 1,200 போதகர்களில் 450க்கும் மேற்பட்டவர்கள் ஆலயம், வீடு, சம்பளம் எல்லாவற்றையும் விட்டுப் போனார்கள். அமெரிக்காவில் 1741, 1837, 1861 என்று மூன்று பெரும் பிளவுகள். கடைசிப் பிளவின் வடக்கும் தெற்கும் 1983இல்தான் மறுபடி சேர்ந்தன. ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு பிரஸ்பிட்டேரியன் ஆலயங்கள் நிற்பதன் காரணம் இதுதான். சபை வரலாறு எழுதுகிறவருக்கு இது வெறும் பின்னணி அல்ல, ஏடு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்ற கேள்வி. ஸ்காட்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் அரசுத் திருச்சபையின் செஷன் ஏடுகள் ஒரு தொகுப்பு எண்ணிலும், பிரிந்து போனவர்களின் ஏடுகள் வேறொரு தொகுப்பு எண்ணிலும் இருக்கின்றன. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் 1852 முதல் இயங்கும் பிரஸ்பிட்டேரியன் வரலாற்றுச் சங்கத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பிரஸ்பிட்டேரியன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபைக்குள்ளும், அதன் வழியாக 1947இல் தென்னிந்தியத் திருச்சபைக்குள்ளும் போய்விட்டதால், இங்கே அந்தப் பெயரையே பலகைகளில் பார்ப்பது அரிது.

சொத்தும் பிரிவோடு சேர்ந்து வரும் தலைவலி. 1900இல் சுதந்திரத் திருச்சபையின் பெரும்பான்மையினர் வேறொரு திருச்சபையோடு இணைந்தார்கள். சேர மறுத்த சிறுபான்மையினர் வழக்குத் தொடுத்தார்கள். 1904இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, சொத்து முழுவதும் அந்தச் சிறுபான்மைக்கே சொந்தம் என்று தீர்ப்புச் சொன்னது. அவர்களால் அத்தனை ஆலயங்களையும் நடத்த முடியாது என்பதால் 1905இல் தனிச் சட்டம் போட்டுப் பிரித்துக் கொடுத்தார்கள். இந்த ஆண்டுகளில் உங்கள் சபையின் ஏடு மௌனமாக இருந்தால், பத்திரப் பதிவை ஒருமுறை பாருங்கள்.

அங்கத்தினர் எண்ணிக்கை எல்லா மலர்களிலும் வரைபடமாக வரும். நம்ப வேண்டாம், அல்லது நம்புவதற்கு முன் பட்டியல் எப்படிச் செய்யப்பட்டது என்று பாருங்கள். பட்டியல் என்பது திருவிருந்து எடுக்கத் தகுதி பெற்றவர்களின் பட்டியல்; குழந்தைகளும், வந்துகொண்டே இருந்தும் சேராதவர்களும் அதில் இல்லை. ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் பகுதிகளில் நூற்றுக்கணக்கானோர் வாரம் தவறாமல் ஆராதனைக்கு வருவார்கள், ஆனால் பலர் தங்களைத் தகுதியற்றவர்களாக எண்ணியதால் திருவிருந்து மேசைக்கு வருகிறவர்கள் சிலரே. அங்கே 30 என்ற எண் சிறிய சபையைக் காட்டவில்லை. மறுபுறம், மேலே அனுப்ப வேண்டிய பங்குத்தொகை தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும் திருச்சபைகளில், செஷன் அவ்வப்போது பட்டியலைச் சுத்தம் செய்யும். ஊரை விட்டுப் போய்ப் பல ஆண்டுகளானவர்களின் பெயர்கள் ஒரே மாலையில் அடிக்கப்படும். வரைபடத்தில் 140 மறு ஆண்டு 95 ஆக விழும். யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. செலவைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

மேசைக்கு வந்தவர்கள் யார் என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு. திருவிருந்துக்கு முன் மூப்பர்கள் தங்கள் பகுதி வீடுகளைச் சந்தித்து, தகுதியுள்ளவர்களுக்குச் சிறிய ஈய வில்லைகளைக் கொடுத்தார்கள். ஊரின் முதலெழுத்தும் ஆண்டும் பொறித்தவை. மேசையில் உட்காரும்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லை போய், பெயர் எழுதிய அட்டை வந்தது. அட்டையைப் பார்த்து கிளார்க் பட்டியலில் கோடு போட்டார். அந்தக் கோடுகள் உள்ள ஏடு கிடைத்தால் அது புதையல். ஒரு குடும்பம் முழுவதும் தொடர்ந்து கோடில்லாமல் இருக்கும் இடத்தில் செஷன் ஏட்டைத் திறந்தால் காரணம் கிடைக்கும்.

பெண்களின் இடத்தையும் ஏட்டிலிருந்துதான் அளக்க முடியும். அமெரிக்காவின் வடபகுதித் திருச்சபை 1930இலும், தென்பகுதித் திருச்சபை 1964இலும், ஸ்காட்லாந்துத் திருச்சபை 1966இலும் பெண்களை மூப்பர்களாக்க அனுமதித்தன. அனுமதி வந்த ஆண்டை எழுதினால் போதாது. அந்தச் சபையில் முதல் பெண் மூப்பரின் பெயர் எந்த ஆண்டு வருகிறது? நடுவில் உள்ள இடைவெளிதான் அந்தச் சபையின் வரலாறு.

இனி ஊழியம். எங்கள் சபையின் நோக்கம் என்ன என்று கேட்டால் எல்லாச் சபைகளும் அழகான வாசகம் வைத்திருக்கின்றன. 1910இல் வட அமெரிக்க ஐக்கிய பிரஸ்பிட்டேரியன் திருச்சபை, திருச்சபையின் மகத்தான நோக்கங்கள் என்று ஆறை வரையறுத்தது: நற்செய்தி அறிவிப்பு, தேவ பிள்ளைகளுக்கு அடைக்கலமும் வளர்ப்பும் ஐக்கியமும், ஆராதனை, சத்தியத்தைக் காத்தல், சமூக நீதியை வளர்த்தல், பரலோக ராஜ்யத்தை உலகுக்குக் காட்டுதல். குறை சொல்ல இடமில்லாத பட்டியல். ஆனால் ஒரு சிறிய சபை எதற்காக இருந்தது என்பதைக் கணக்கு ஏடுதான் சொல்லும்.

வழி இது. பத்தாண்டுக்கு ஓர் ஆண்டு வீதம் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். போர், பஞ்சம், கட்டட வேலை நடந்த ஆண்டுகளைத் தவிர்த்து அடுத்த ஆண்டை எடுங்கள். மொத்தச் செலவில் சபையின் நான்கு சுவர்களுக்கு வெளியே போனது எவ்வளவு என்று கூட்டுங்கள். மொத்தம் 24,000, வெளியே போனது 1,800 என்றால் 7.5 சதவீதம். பிரஸ்பிட்டரிக்குக் கட்டிய பங்குத்தொகையை ஊழியத்தில் சேர்க்காதீர்கள், அது நிர்வாகச் செலவு. கூரை ஒழுகியதற்குப் போட்ட பணத்தை 'ஊழிய வசதி' என்று எழுதியிருப்பார்கள், அதையும் சேர்க்காதீர்கள். இங்கேதான் பெண்கள் சங்க ஏடு வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பல சபைகளில் வெளிநாட்டு ஊழியத்துக்கான பணத்தைப் பெண்களே திரட்டி, தங்களுக்கென்று ஒரு பொருளாளர் வைத்து, தங்கள் தலைமைச் சங்கத்துக்கு நேராக அனுப்பினார்கள். சபைக் கணக்கில் அது ஒரு காசும் தெரியாது. அந்த ஏடு இல்லாமல் போட்ட சதவீதம் எப்போதும் குறைவாகவே வரும். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையில் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துச் சேர்த்ததே திருச்சபையின் பெரிய வருமானங்களில் ஒன்றானது. அங்கே அது திருச்சபைக் கணக்கிலேயே ஏறுகிறது. மற்ற இடங்களில் இப்படிப்பட்ட கொடை பெரும்பாலும் பதிவே ஆகாமல் போயிற்று.

கணக்கில் ஒரு தலைப்பு திடீரென்று மறைவதையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 1845 வரை ஏழைகளைப் பராமரிப்பது செஷனின் வேலை. காணிக்கையும், சவத்தின் மேல் போர்த்தும் துணிக்கு வாங்கிய வாடகையும், ஒழுக்கக் குற்றத்துக்கு விதித்த அபராதமும் சேர்ந்து காலணியாகவும் மாவாகவும் சவப்பெட்டியாகவும் ஏழைகளுக்குப் போயிற்று. அந்த ஆண்டுச் சட்டம் அந்தப் பொறுப்பை எடுத்து வேறு குழுக்களுக்குக் கொடுத்தது. அதன்பின் ஏட்டில் ஏழைகள் குறைகிறார்கள். சபையின் மனம் கல்லாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. வேறொரு தலைப்பு புதிதாக முளைக்கும்: இந்தியா. 1796இல் வெளிநாட்டு ஊழியத்தை ஏற்க மறுத்த ஸ்காட்லாந்துப் பொதுப் பேரவை 1824இல் ஒப்புக்கொண்டது. அலெக்சாண்டர் டஃப் 1830இல் கல்கத்தா வந்தார். ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் தொடங்கிய பள்ளி இன்றைய சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் தொடக்கம். ஸ்காட்லாந்துக் கிராமத்துக் கணக்கேட்டில் அந்தத் தலைப்பின்கீழ் வரும் சில்லறைகளைப் பார்க்கும்போது தமிழ் வாசகர் கொஞ்சம் நின்று படிக்கலாம்.

சிறிய சபைகள் எப்படித் தாக்குப்பிடித்தன என்பதற்கு 1843இன் பாடம் முக்கியம். சால்மர்ஸ் ஒரு பராமரிப்பு நிதியை ஏற்படுத்தினார். வாரம் ஒரு பென்னி என்று எளியவர்களிடமும் வாங்கி, பணத்தை ஒரே இடத்தில் சேர்த்து, போதகர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பணக்காரச் சபையின் காசு ஏழைச் சபையின் போதகருக்குப் போனது. அந்த நிதிக்குச் சபை அனுப்பியது எவ்வளவு, அதன் போதகர் பெற்றது எவ்வளவு என்று இரண்டு வரிகளை ஒப்பிட்டால் அது தாங்கியதா தாங்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். தாங்கப்பட்ட சபை என்று எழுத விழாக் குழுவினர் கூச்சப்படுவார்கள். எழுதத்தான் வேண்டும், அந்த ஏற்பாடே இந்தத் திருச்சபை முறையின் பொருள்.

இப்போது இருக்கும் சிறிய சபைக்கு ஊழியத் திட்டம் எழுத செஷனுக்கு ஒரு மாலை போதும். நடந்து போகும் தூரத்தில் யார் இருக்கிறார்கள்? ஆலயத்தின் எந்த அறை எந்த நேரம் பூட்டிக் கிடக்கிறது? தொடங்குகிறவர் விலகினால் அடுத்து யார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத வேலையைத் தொடங்கக் கூடாது. சிறிய சபைகளின் ஊழியங்கள் பெரும்பாலும் பணமில்லாமல் சாவதில்லை. ஒரே ஒருவரின் தோளில் நின்று, அவர் நோயில் விழுந்ததும் நின்றுவிடுகின்றன. குறைந்தது மூன்று பேர், அதில் ஒருவராவது செஷனுக்கு வெளியே உள்ளவர். மறுபரிசீலனைத் தேதியைத் தொடங்கும் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும். நிறுத்துவது தோல்வி என்ற எண்ணத்தால் செத்த வேலையைப் பல ஆண்டுகள் இழுக்கும் சபைகள் உண்டு. தீர்மானத்தில் தேதி இருந்தால் யார் முகத்தையும் பார்க்காமல் நிறுத்தலாம்.

எழுதும்போது போதகர் வரிசையை ஒரு பக்க அட்டவணையாகப் பின்னிணைப்பில் போட்டுவிடுங்கள். அத்தியாயங்களைச் செஷன் திரும்பிய இடங்களில் பிரியுங்கள்: கட்டடம் வேண்டாம் என்ற முடிவு, பக்கத்துச் சபையோடு ஒரே போதகரைப் பகிர்ந்துகொண்ட முடிவு, ஆராதனை மொழியை மாற்றிய முடிவு. போதகர் இல்லாத ஆண்டுகளைத் தாண்டிப் போகாதீர்கள். அப்போது பிரஸ்பிட்டரி அனுப்பிய தற்காலிக மாடரேட்டர் மாதம் ஒருமுறை வந்திருப்பார், மற்ற நாள்களில் மூப்பர்கள் என்ன செய்தார்கள் என்பது அந்தப் பக்கங்களில்தான் தெரியும். பழைய ஒழுக்க விசாரணைகள் பெயரோடு கிடக்கும், அதுவும் அநேகமாகப் பெண்களின் பெயர்கள். வாரிசுகள் அதே ஊரில் இருந்தால் பெயரை விட்டுவிட்டு நடைமுறையை மட்டும் எழுதலாம். உயிரோடிருப்பவர்கள் பற்றிய எந்த விசாரணைக் குறிப்பும் நூலில் வரக் கூடாது.

ஏடுகளைக் கையாள உலர்ந்த சுத்தமான கை போதும். கையுறை போட்டால் விரலின் உணர்வு போய்த் தாள் கிழியும். பென்சில் மட்டும். கிழிசலுக்கு ஒட்டும் டேப், லேமினேஷன் இரண்டும் கூடாது. டேப்பின் பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும். பழைய இரும்பு மை சில இடங்களில் தாளை அரித்து எழுத்தையே துளையாக்கியிருக்கும், அந்தப் பக்கங்களைத் தட்டையாக அழுத்தி ஸ்கேன் செய்யாமல் மேலிருந்து படம் எடுங்கள். எழுத்துக்கு 300 முதல் 400 டிபிஐ, புகைப்படங்களுக்கு 600. மூன்று பிரதிகள், ஒன்று வேறு கட்டடத்தில். தொலைநகல் தாளில் வந்த கடிதங்களை முதலில் பிரதி எடுங்கள், அவைதான் முதலில் வெளுக்கும்.

கணினியில் எழுதும் இன்றைய குறிப்புகள் பழையவற்றைவிட ஆபத்தில் இருக்கின்றன. அமிலமில்லாத தாளில் அச்சிட்டு, பக்க எண் இட்டு, கிளார்க் கையெழுத்திட்டு ஆண்டுதோறும் ஏடாகத் தைத்துக் கட்ட வேண்டும். மின்னஞ்சலில் பேசி முடித்த எதுவும் அடுத்த கூட்டத்தின் குறிப்பில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அது முடிவே அல்ல. முடிந்த ஏடுகளைக் காப்பகத்தில் ஒப்படைக்கும்போது உடைமை யாருக்கு என்று எழுதி ரசீது வாங்குங்கள். கிளார்க் மாறும் நாளில் ஏடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எண்ணி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ற பட்டியலைப் புதியவரின் முதல் குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும். பழையவரின் வீட்டு அலமாரியில் ஒரு ஏடு தங்கிப்போயிருந்தால் அன்றே தெரிந்துவிடும்.